இரண்டும் ஆறும்

2020 மார்ச் 16, திங்கட்கிழமை இரவு, அன்றைய மலேசியப் பிரதமர் முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். புதன்கிழமை முதல் பள்ளி, பல்கலைக்கழகம், கோயில், பள்ளிவாசல், அத்தியாவசியமில்லாத கடைகள் எல்லாம் மூடப்படும். எங்களுக்கு மிஞ்சியது நடுவில் இருந்த செவ்வாய்க்கிழமை மட்டும். பினாங்குத் தீவில், பாலத்தைப் பார்த்தபடி நிற்கும் ஓர் ஆய்வகத்தில் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்ப்பது என் வேலை. ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வளரும் செல்களைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. அவற்றுக்கு 37 டிகிரி வெப்பம் வேண்டும், 5 சதவீதம் கரியமில வாயு வேண்டும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் என்ற ஊட்டத் திரவத்தைப் புதிதாக ஊற்ற வேண்டும். கவனிக்க ஆளில்லாமல் போனால், தாம் கழித்த கழிவிலேயே அவை செத்துவிடும். ஆகவே செவ்வாய் காலையில் என் மாணவர்களும் நானும் ஒரு பட்டியல் போட்டோம். எவற்றை உறையவைப்பது, எவற்றைக் கொல்வது என்று.

உறையவைப்பது அவசரத்துக்கு வளையாத வேலை. ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள்மேல் ட்ரிப்சின் என்ற நொதியை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டையாகப் பரந்து கிடந்தவை மெல்ல உருண்டு, விளிம்பு மினுங்கி, ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும். அந்த நேரம் பார்த்து எடுத்து, சுழற்றிப் பிரித்து, பத்தில் ஒரு பங்கு டி.எம்.எஸ்.ஓ. கலந்த திரவத்தில் போட்டுச் சிறு குப்பிகளில் அடைப்போம். குளிர் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் செல்லுக்குள் பனி ஊசிகள் உண்டாகிக் கிழித்துவிடும். அதற்கென்று உள்ள பெட்டியில் வைத்து, இரவு முழுக்க மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரில் விட்டு, மறுநாள்தான் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுவது வழக்கம். அந்த மறுநாள் எங்களுக்கு இல்லை. நைட்ரஜன் தொட்டிக்கு அவ்வப்போது ஊற்ற வருகிறவருக்கு மட்டும் அனுமதிக் கடிதம் கிடைத்தது. அவர் கையிலேயே குப்பிகளை மாற்றும் பொறுப்பையும் கொடுத்தோம். அந்த மாதங்களில் அவர் தவறாமல் வந்தார். எங்கள் துறையின் பல ஆண்டு உழைப்பு அந்த ஒருவர் கையில் பத்திரமாக இருந்தது.

மாணவர்கள் ஊருக்குப் போக வேண்டும். ஒருத்திக்குக் கிளந்தான், இன்னொருவனுக்குச் சரவாக். மாநிலம் விட்டு மாநிலம் போகப் போலீஸ் அனுமதி வேண்டும் என்று செய்தி பரவியதும், அன்று மாலை நாடெங்கும் காவல் நிலையங்களில் கூட்டம் முண்டியடித்தது. பிறகு அந்த நிபந்தனையைப் போலீசாரே தள்ளிவைத்தார்கள். நாட்டை நோயிலிருந்து காப்பதற்காக விலகியிருக்கச் சொன்ன நாளில், ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டு மிச்ச வேலையை நான் பார்த்தேன்.

மிச்ச வேலை என்பது கொல்வது. பரிசோதனையின் நடுவில் இருந்த செல்களை உறையவைத்துப் பயனில்லை. அவற்றைப் பல வாரங்களாக ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இல்லாமல் வளர்த்திருந்தோம். அப்படி வளர்ப்பது எவ்வளவு சிரமம் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். செல்லுக்கு உணவாகும் சீரத்திலேயே கன்றுக்குட்டியின் ஹார்மோன்கள் இருக்கும். கரித்தூளைக் கலந்து கலக்கி, சுழற்றி வடித்து அவற்றை அகற்ற வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு திருடன் உள்ளே இருப்பான். மீடியத்துக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் பீனால் ரெட். அமிலம் கூடினால் மஞ்சளாகி எச்சரிப்பதற்காகப் பல பத்தாண்டுகளாக எல்லோரும் சேர்த்துவந்த சாயம் அது. அதுவே பலவீனமான ஈஸ்ட்ரோஜன்போல் வேலை செய்கிறது என்று 1986-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கட்சனெல்லன்போகன் தம்பதியும் அவர்களுடைய சக ஆய்வாளரும் காட்டினார்கள். ஹார்மோன் இல்லாமலே வளர்கிறது என்று நம்பப்பட்ட செல்கள் அதுவரை சாயத்தைத் தின்று வளர்ந்திருக்கின்றன. உலகெங்கும் எத்தனையோ முடிவுகளை மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அதனால்தான் எங்கள் பரிசோதனை ஃபிளாஸ்க்குகளில் மட்டும் மீடியம் நிறமற்றுத் தண்ணீர்போல் இருக்கும். அன்று அவற்றில் குளோராக்ஸ் ஊற்றினேன். நிறம் மாறவில்லை, மாற நிறமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டு, இன்குபேட்டரைத் துடைத்து, மின்சாரத்தை அணைத்தேன்.

அந்தச் செல்களின் பெயர் எம்.சி.எஃப்-7. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் இந்தப் பெயரைக் கேட்காதவர் இல்லை. எங்கிருந்து வந்தன என்று என் மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன். 1970-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கேத்தரின் பிரான்சிஸ் மேலன் என்ற கன்னியாஸ்திரி மார்பகப் புற்றுநோயால் அவதிப்பட்டார். 69 வயது. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுத்தபோது, அதிலிருந்த செல்களை டெட்ராய்ட்டில் ஹெர்பர்ட் சூல் வளர்த்துப் பார்த்தார். ஏழாவது முயற்சியில் அவை நிலைத்தன. மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளும் அந்த ஏழும் சேர்ந்து பெயராயிற்று. அந்த அம்மையார் அதே ஆண்டில் இறந்துபோனார். 1973-ல் அவருடைய செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருப்பது தெரியவந்தது. அதன் பிறகு டமோக்சிஃபென் என்ற மருந்து எப்படி வேலை செய்கிறது என்று உலகம் அறிந்துகொண்டதில் பெரும்பகுதி அவர் விட்டுச்சென்ற செல்களிலிருந்து வந்ததுதான். பினாங்கில் 1976-ல் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனையில் கதிரியக்கச் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் பெண்களிடம் இந்தக் கதையைச் சொன்னால், சிலர் சிலுவை போட்டுக்கொள்வார்கள், சிலர் கைகூப்புவார்கள்.

ஹார்மோனுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு பழையது. 1896-ல் கிளாஸ்கோ அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஜார்ஜ் பீட்ஸன், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணின் சினைப்பைகளை அகற்றியதும் கட்டி சுருங்கியதை எழுதிவைத்தார். சினைப்பைக்கும் மார்புக்கும் இடையே என்ன ஓடுகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஸ்டீராய்டு அதற்குப் பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது. 1950களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிர்வீசும் ஹைட்ரஜன் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை எலிக்குச் செலுத்தி, கருப்பை அதைப் பிடித்துவைத்துக்கொள்வதையும் மற்ற உறுப்புகள் விட்டுவிடுவதையும் பார்த்தார். பிடித்துவைக்கும் அந்தப் புரதம்தான் ஏற்பி. 1986-ல் அதன் மரபணுவைப் படித்தறிந்தபோது, கார்ட்டிசோலின் ஏற்பியும் அதுவும் ஒரே குடும்பம் என்பது தெரிந்தது. ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பி டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் போய் அமர்ந்து, மரபணுக்களைத் திறக்கும், மூடும். டமோக்சிஃபென் அந்த ஏற்பியில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் உட்கார்ந்துகொள்கிறது. இதை 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் கருத்தடை மருந்து தேடும் வேலையில் உண்டாக்கினார். கருத்தடைக்கு அது உதவவில்லை. 1971-ல் மான்செஸ்டரில் மேரி கோல் அதைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 2011-ல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்வது இது: ஏற்பி உள்ள புற்றுநோய்க்கு ஐந்து ஆண்டு டமோக்சிஃபென் சாப்பிட்டவர்களில், முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை மலிவான மாத்திரை. இதைவிடப் பெரிய உதவியை என் துறை மனிதருக்குச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் இந்தத் துறைக்கு வந்த வழி கெடாவின் ரப்பர் தோட்டம். அம்மா விடியுமுன்னே தலைவிளக்குக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போவார். நான் பட்டப்படிப்பில் சேர்ந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். உயிர்வேதியியல் வகுப்பில் ஒரு நாள் ஐசோப்ரீன் என்ற ஐந்து கரிம அணுக்கள் கொண்ட கண்ணியைப் பற்றிப் படித்தேன். அதே கண்ணியை ஆயிரக்கணக்கில் கோத்தால் பால்மரத்தின் ரப்பர். ஆறைக் கோத்தால் ஸ்குவாலின்; அதை மடித்துச் சுற்றினால் கொலஸ்ட்ரால், அதிலிருந்து ஈஸ்ட்ரோஜன். நான்கைக் கோத்து ஒரு வளையத்தில் பொருத்தினால் செம்பனை எண்ணெயில் உள்ள டோகோட்ரையினால். அம்மா வாளியில் சுமந்து வந்ததும், அம்மா உடம்பில் ஓடியதும், தோட்டத்தில் புதிதாக நட்டதும் ஒரே கல்லால் கட்டியவை. அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பிலேயே முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன் என்று சொல்லலாம்.

டோகோட்ரையினால் வைட்டமின் இ குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான தாவர எண்ணெய்களில் டோகோஃபெராலே மிகுதி. செம்பனை எண்ணெயில் டோகோட்ரையினால் ஏராளம். மலேசியாவில் இதை மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கலாநிதி நேசரத்னம். பாமாயில் ஆராய்ச்சி நிலையத்திலும், பிறகு அது மலேசியப் பாமாயில் வாரியமான பின்பும் அவர் உழைத்தார். 1995-ல் கனடா ஆய்வாளர்களோடு சேர்ந்து, மனித மார்பகப் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியை டோகோட்ரையினால் தடுக்கிறது என்று எழுதினார். ஏற்பி வழியாகத் தடுக்கிறதா, வேறு வழியிலா? அதைப் பார்க்க அவர் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப்பா டார்பரோடு சேர்ந்தார். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் மார்பகப் புற்றுநோய் செல்லில் மரபணுக்களை எப்படி இயக்குகின்றன என்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் டார்பர். பின்னாளில், 2004-ல், மார்பகக் கட்டிகளில் பாராபென் என்ற அழகுசாதனப் பாதுகாப்புப் பொருள் இருப்பதைக் காட்டியவரும் இவர்தான். அதைப் பலரும் பல விதமாக ஊதிப் பெருக்கினார்கள். அந்த ஆய்வில் இருந்தவை 20 கட்டிகள். இருக்கிறது என்றுதான் அந்த ஆய்வு காட்டியது. அதனால்தான் புற்றுநோய் வந்தது என்று காட்டவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளந்து சொல்வதற்குத்தான் எங்களைப்போன்றவர்கள் சம்பளம் வாங்குகிறோம்.

நேசரத்னமும் டார்பரும் மற்ற இருவரும் எழுதிய கட்டுரை 1998-ல் வெளிவந்தது. ஏற்பி உள்ள எம்.சி.எஃப்-7 செல்களையும், ஏற்பி இல்லாத எம்.டி.ஏ-எம்.பி-231 செல்களையும் டோகோட்ரையினால் ஒருசேரத் தடுத்தது. ஈஸ்ட்ரோஜன் இருந்தாலும் தடுத்தது, இல்லாவிட்டாலும் தடுத்தது. அப்படியானால் ஏற்பி மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தக் கட்டுரை கைக்குக் கிடைத்த நாளில் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. டமோக்சிஃபென் ஒரு கதவை மூடுகிறது. இது இன்னொரு கதவை மூடலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? நம் மண்ணில் விளைகிற பொருள். நம்மவர் ஒருவர் முன்நின்று கண்டது. அதற்குப் பிறகு என் ஆய்வகமும் அந்தப் பக்கம் திரும்பியது.

சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நேசரத்னமும் குழுவினரும் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2010-ல் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் 2020-ல் அந்த முடிவை வைத்துக்கொண்டுதான் நான் தொலைபேசியில் போராட வேண்டியிருந்தது.

ஊரடங்கின் முதல் வாரங்களில் பினாங்கு வெறிச்சோடிக் கிடந்தது. லிட்டில் இந்தியாவில் பாட்டுச் சத்தம் இல்லை. பாலத்தில் லாரிகள் மட்டும் ஓடின. மார்ச் 22 முதல் சாலைத் தடுப்புகளில் போலீசோடு இராணுவமும் நின்றது. குடும்பத்துக்கு ஒருவர் மட்டும் வெளியே போகலாம், பத்து கிலோமீட்டருக்குள். பல ஆண்டுகளாக நான் கோயில் மண்டபங்களிலும் தோட்ட மண்டபங்களிலும் மார்பகப் புற்றுநோய் பற்றித் தமிழில் பேசிவந்தேன். போகிற இடத்திலெல்லாம் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவேன். அந்த எண்ணுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின.

சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கை பேசினாள். சிகிச்சை முழுக்கப் பினாங்கில். டமோக்சிஃபென் மூன்றாவது ஆண்டு.

"அக்கா, மாத்திரை தீரப் போவுது. அப்பாயின்மென்ட தள்ளிப் போட்டுட்டாங்க. ரோட்ல போலீஸ் நிக்குது, நான் எப்படி பினாங்கு வர்றது?"

"எத்தன நாளைக்கு இருக்கும்மா?"

"ஒரு வாரத்துக்கு வரும். அது இல்லக்கா, இங்க ஒருத்தரு செம்பனை எண்ணெயில எடுத்த செவப்பு மாத்திரை விக்கறாரு. ஆஸ்பத்திரி மாத்திரையும் இதுவும் ஒரே வேலைதானாம். இதுல சைட் எஃபெக்ட் இல்லியாம். நீங்ககூட இதுலதான ஆராய்ச்சி பண்ணீங்க?"

"பண்ணேன். அதனாலதான் சொல்றேன். மாத்திரைய நிறுத்தாத."

"ரொம்ப வேகுதுக்கா உடம்பு. ராத்திரி தூக்கமே இல்ல. தகரக் கூரை வேற."

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது. டமோக்சிஃபென் சாப்பிடுகிற பெண்களுக்குத் திடீரென்று உடம்பு தீயாய்க் காயும், வியர்த்துக் கொட்டும். மூன்று ஆண்டாகப் பொறுத்துக்கொண்டு வந்தவளுக்கு, ஊரடங்கு ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறது. விற்கிறவர் அந்தக் காரணத்துக்கு ஓர் ஆறுதலையும் சேர்த்து விற்கிறார். ஆறுதலில் என் துறையின் பெயர் ஒட்டியிருக்கிறது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மாத்திரை கிடைப்பது சுலபமாகவே முடிந்தது. ஒரு மருத்துவமனையின் மருந்துச் சீட்டை வைத்து வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ளும் ஸ்புப் என்ற ஏற்பாடு நம் நாட்டில் முன்பே இருக்கிறது. தபாலில் மருந்து அனுப்பும் சேவையும் உண்டு. மருந்தாளர்கள் அந்த மாதங்களில் செய்த வேலைக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. வழி தெரியாதவர்களுக்கு வழி சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தங்கைக்கு எந்த நம்பருக்கு அழைத்து எந்தச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். மாத்திரை வந்தது. ஆனால் சாப்பிட வைப்பதுதான் பாடாக இருந்தது. மறுபடி மறுபடி பேசினோம்.

அவளிடம் நான் சொன்னது 2010-ஆம் ஆண்டுச் சோதனையைத்தான். ஆரம்ப நிலைப் புற்றுநோய், ஏற்பி உள்ள கட்டி, 40 முதல் 60 வயதுவரை, மொத்தம் 240 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு டமோக்சிஃபெனும் டோகோட்ரையினாலும். மறு பாதிக்கு டமோக்சிஃபெனும் மருந்தில்லாத பொய் மாத்திரையும். ஐந்து ஆண்டுகள்.

"கேட்டியாம்மா? ரெண்டு பக்கமும் டமோக்சிஃபென் சாப்பிட்டாங்க. அத நிறுத்திட்டு இத மட்டும் சாப்பிட்டவங்க ஒருத்தர்கூட அதுல இல்ல. அப்படி நிறுத்தச் சொல்ல எந்த டாக்டருக்கும் மனசு வராது."

"சேத்து சாப்பிட்டவங்க பொழச்சாங்களா?"

பிழைத்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தார்கள். அதுதான் அந்தச் சோதனையின் நல்ல செய்தி. ஐந்தாம் ஆண்டு முடிவில், சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 98.3 சதவீதம் பேர் மார்பகப் புற்றுநோயால் இறக்காமல் இருந்தார்கள். டமோக்சிஃபென் மட்டும் சாப்பிட்டவர்களில் 95 சதவீதம். இறந்தவர்கள் நூற்றிருபது பேரில் இரண்டு, நூற்றிருபது பேரில் ஆறு. இப்படிச் சொன்னால் கேட்கிற யாருக்கும் ஆறைவிட இரண்டு நல்லது என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்ற வேண்டும் என்று ஆசைதான். ஆனால் இவ்வளவு சின்ன எண்கள் தற்செயலாகவே இப்படி விழக்கூடும். புள்ளியியல் கணக்கு சொல்வது என்னவென்றால், டோகோட்ரையினால் இறப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்திருக்கவும் கூடும், இரு மடங்காகக் கூட்டியிருக்கவும் கூடும். இந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதோடு, யார் எந்தக் குழுவில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. ஆகவே இரு குழுவும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருந்தனவா என்ற சந்தேகத்துக்கும் இடமுண்டு. இதையெல்லாம் மறைக்காமல், தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றே அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பத்தாண்டுக்கு மேல் ஒரு பொருளோடு வாழ்ந்துவிட்டு, கடைசியில் அப்படி எழுதுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த நேர்மையைத்தான் விற்பனைக்காரர் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தங்கையிடம் இவ்வளவு கணக்கும் சொல்லவில்லை. ரெண்டு, ஆறு என்பதைச் சொன்னேன். பத்தாது, இன்னும் நிறையப் பேரைப் பார்க்கணும் என்று சொன்னேன். டமோக்சிஃபெனுக்கு அப்படியில்லை, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு என்று சொன்னேன். உடம்பு காய்வதற்கு என்ன செய்யலாம் என்று அவளுடைய டாக்டரிடம் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன்; வேளையை மாற்றிச் சாப்பிட்டுப் பார்க்க அவர் ஒப்புக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. வேறு சிலர் நிறுத்தினார்கள். அவர்களிடம் நான் பேசினதெல்லாம் பயன்படவில்லை.

அந்த மாதங்களில் உலகமே எங்கள் துறையின் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. எது வேலை செய்கிறது, எப்படித் தெரியும்? மலேரியா மாத்திரை, கஷாயம், வெந்நீர், ஆளுக்கொரு வாட்ஸ்அப் செய்தி. ஜூன் 16-ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து ரிகவரி என்ற கோவிட் மருந்துச் சோதனையின் செய்தி வந்தது. டெக்ஸாமெத்தசோன், செயற்கையான ஸ்டீராய்டு, கார்ட்டிசோலின் ஏற்பியில் போய் உட்காரும் மருந்து, மூச்சுக்கருவியில் இருக்கும் கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் குடும்பத்துக்காரனின் வேலை. எனக்கு மகிழ்ச்சி அதனால் மட்டும் இல்லை. 2,104 பேருக்கு மருந்து, 4,321 பேருக்கு வழக்கமான கவனிப்பு, எல்லாம் குலுக்கல் முறையில். மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த மாதங்களில், நர்சுகள் கவச உடையில் வியர்த்துக்கொண்டிருந்த மாதங்களில், அதை அவர்கள் நடத்தி முடித்திருக்கிறார்கள். அதே சோதனைதான் அதே மாதத்தில் மலேரியா மாத்திரையால் பயனில்லை என்றும் காட்டியது. இரண்டு பதிலும் உயிர் காத்தன.

அந்த மாதம் எங்கள் ஆய்வகம் மெல்லத் திறந்தது. குப்பிகளை எடுத்து 37 டிகிரித் தண்ணீரில் பிடித்துக் கரைத்தோம். எம்.சி.எஃப்-7 நன்றாகவே எழுந்து வந்தது. ஆறு ஏழு நாளில் ஃபிளாஸ்க்கின் அடி நிறைந்தது. கொன்ற செல்களின் பரிசோதனையைக் கிளந்தான் மாணவி முதலிலிருந்து தொடங்கினாள்.

நான் வேறொரு கணக்கில் இறங்கினேன். 98.3-க்கும் 95-க்கும் உள்ள இடைவெளி உண்மையாகவே இருக்குமானால், அதைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்ட எத்தனை பெண்கள் வேண்டும்? வழக்கமான முறையில் கணக்கிட்டால் பக்கத்துக்கு 460 பேருக்குச் சற்று மேல் வருகிறது. மொத்தம் 900 சொச்சம், பழைய சோதனையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இது மலை இல்லை. மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடம். பினாங்கு, கெடா, பேராக், கிள்ளான் பள்ளத்தாக்கு என்று சில பெரிய மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்தால் ஆள் கிடைக்கும். செம்பனை நம்முடையது. அதிலிருந்து கோடிக்கணக்கில் பணம் வருகிறது. அந்தப் பணத்தில் ஒரு துளி போதும். தோட்டப் பெண்கள் அதன் பழங்களைப் பொறுக்கியும், களைக்கொல்லி அடித்தும் வாழ்ந்தார்கள். அது தங்களுக்கு உதவுமா உதவாதா என்ற பதில் அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. உதவாது என்று வந்தால் அதையும் உரக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் தகரக் கூரையின் கீழ் வேகிறவளிடம் யாரும் வந்து பொய் விற்க முடியாது.

நோயாளிகளை மாதாமாதம் பினாங்குக்கு வரவழைக்கவும் தேவையில்லை. தபாலில் மாத்திரை போகும், தொலைபேசியில் விசாரிக்கலாம், இரத்தப் பரிசோதனையை அருகிலுள்ள கிளினிக்கில் எடுக்கலாம். ஊரடங்கு மாதங்களில் இவையெல்லாம் நடந்ததை நாமே பார்த்தோம்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தச் சோதனைக்கான வரைவு இப்போது கிளந்தான் மாணவியிடம் இருக்கிறது. அவள் முனைவர் பட்டம் முடித்து, புற்றுநோய் மருத்துவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். யார் எந்தக் குழு என்பதைக் கணினி குலுக்கிப் போடும், மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில், இரண்டு குழுவும் டமோக்சிஃபெனை நிறுத்தாமல் சாப்பிடும் என்று இருக்கிறது. பணம் கேட்டு அனுப்பிய முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.